7. வாசற்படியைத் தாண்டி

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த குடும்பங்களில் மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு தேக்கம் வரும். அப்பா கட்டிலிலிருந்து தானே எழுகிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிறார். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். பிசியோ வருவதை நிறுத்தியாகிவிட்டது. கேட்பவர்களிடம் "முன்னைக்கு இப்போ தேவலை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் தெருவைப் பார்த்ததோ, கடைசியாக டாக்டரிடம் போன அன்றுதான்.

தேக்கம் என்று சொன்னாலும் உடம்பு அதே இடத்தில் நிற்பதில்லை. 2007-ல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான முதியவர்கள் 11 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டித் தசை குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்தக் கதி.

இங்கே சொல்வதெல்லாம் பக்கவாதத்தை மனதில் வைத்து எழுதியவை. இடுப்பெலும்பு முறிவு, பார்கின்சன், நீண்ட நாள் ஐசியு வாசத்துக்குப் பிறகான தளர்ச்சி ஆகியவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும். டாக்டர் சரி என்ற பிறகே தொடங்குங்கள். அவரிடம் "வெளியே கூட்டிப் போகலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "போகலாம்" என்று மொட்டையாகத்தான் பதில் வரும். படி ஏறலாமா, பிரஷர் எவ்வளவு இருந்தால் அன்று கிளம்பக் கூடாது, கிளம்பும் முன் எந்த மாத்திரையைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்று கேளுங்கள். பிரஷர், நீர்பிரியும் மாத்திரைகள் பற்றிய கடைசிக் கேள்வி முக்கியம்.

எங்கே போவது?

"கொஞ்சம் நடங்கப்பா" என்று சொன்னால் எந்த அப்பாவும் நடக்க மாட்டார். எதற்கு நடக்க வேண்டும்? அவருக்கு இப்போது முடி வெட்ட வேண்டும். வழக்கமாக வெட்டுபவரை வீட்டுக்கே வரவழைத்து நாம் அந்தக் காரியத்தை முடித்துவிடுகிறோம். பென்ஷன் நேர்காணலுக்குப் போக வேண்டும், அதையும் ஆன்லைனில் முடித்துவிடுகிறோம். அம்மாவுக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயில், பிளவுஸ் தைக்கும் கடை, நாலு வீடு தள்ளியிருக்கும் சிநேகிதி. எல்லோரையும் நாம் வீட்டுக்கு அழைத்துவந்து, அவர்கள் வெளியே போவதற்கு இருந்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனாலும் அதில் ஒன்றையாவது திருப்பிக் கொடுங்கள். எங்கே போக வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். நீங்கள் நினைத்த இடமாக அது இருக்காது.

இங்கிலாந்தில் பக்கவாதம் வந்த 168 பேரிடம் செய்த ஓர் ஆய்வின் முடிவு 2004-ல் பிஎம்ஜே இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் போக்குவரத்து வசதிகள் பற்றிய துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீடு தேடி வந்து, எங்கே போக ஆசை என்று கேட்டு, அதற்கே பழக்கினார். அதிகபட்சம் ஏழு தடவைதான் வந்தார். நான்கு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, ஒரு மாதத்தில் வெளியே போய்வந்த இடைநிலை எண்ணிக்கை முதல் பிரிவில் 14, இரண்டாவதில் 37. பத்து ஆண்டு கழித்து 568 பேரிடம் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தபோது வாழ்க்கைத் தரத்தை அளக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை அதிசய வைத்தியமாக நினைக்க வேண்டாம். ஆனால் வெளியே போய்வருவது அந்த ஆய்விலும் கூடத்தான் செய்தது. வெளியே போகப் பழகுவதற்குத் தகவல் மட்டும் போதாது, கூட வருகிற ஆள் வேண்டும். அந்த ஆள் இப்போது நீங்கள்.

இடம் முடிவானதும் அவர் இல்லாமல் நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சலூன் என்று வைத்துக்கொள்வோம். கடை வாசலில் இரண்டு படி, நடுவில் மூடாத சாக்கடை. உள்ளே சுழலும் நாற்காலி. அதில் கால் வைக்கும் இரும்புத் தட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வராத கால் அதில் இடறினால் ஆள் கண்ணாடி மேல் விழுவார். கடைக்காரரிடம் சொல்லி, காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் கைப்பிடி நாற்காலியில் உட்காரவைத்து வெட்டச் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை சலூனில் கூட்டம் இருக்காது, சில ஊர்களில் கடையே இருக்காது. எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

வாசற்படிக் கணக்கு

நம் வீடுகளில் பெரிய தடை தெருவில் இல்லை, வாசலில் இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று உயர்த்திக் கட்டிய வீடு, மூன்று படி. அடுக்குமாடியில் லிஃப்ட் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்போம். அந்த லிஃப்டுக்குப் போகவே கார் நிறுத்தும் தளத்திலிருந்து நாலு படி ஏற வேண்டும்.

வீல்சேருக்கான சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. ஓர் அங்குலம் உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அங்குலம், ஆக 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அவ்வளவு இடம் பெரும்பாலான வாசலில் கிடையாது. உடனே கொத்தனார் இருக்கிற ஐந்தடியில் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவு போட்டுத் தருவார். அது பைக் ஏற்றுவதற்கு ஆகும், ஆளை ஏற்றுவதற்கு ஆகாது. இடமில்லாவிட்டால் சாய்தளத்தை மறந்துவிடுங்கள். ஓரளவு நடக்கிறவர் என்றால் ஆறு அங்குலப் படியை மூன்று மூன்று அங்குலமாகப் பிரித்துக் கட்டலாம். படியின் ஆழம் முழுப் பாதமும் வாக்கரின் நாலு காலும் நிற்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

கைப்பிடியை இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால், ஏறும்போது நல்ல கைக்கு வருகிற குழாய் இறங்கும்போது வராத கையின் பக்கம் போய்விடும். ஒரு பக்கம்தான் முடியும் என்றால், நல்ல கையால் அதையே பிடித்தபடி பின்பக்கமாக இறங்கப் பழக வேண்டும். அதை பிசியோ முன்னால் பழகுங்கள். ஒன்றரை அங்குலக் குழாய் கைக்கு அடக்கமாக இருக்கும். எவர்சில்வர் பளபளப்பாக இருக்கும், மழையில் வழுக்கும்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். ஊன்றுகோல் எப்போதும் நல்ல கையில், வராத காலோடு சேர்ந்து நகரும். நீங்கள் ஏறும்போது அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே, இறங்கும்போது முன்னால் ஒரு படி கீழே. இரண்டிலும் வராத பக்கம் சாய்ந்து நில்லுங்கள்.

பிடிப்பது எப்படி என்பதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. வராத கையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது, அந்தக் கையைப் பிடித்து இழுப்பது இரண்டும் கூடாது. பக்கவாதத்தில் தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசை தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு விலகி, பிறகு மாதக்கணக்கில் தோள்வலி. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதன் பின்பக்கத்தைப் பிடிப்பதே முறை. இதற்கென்று கைப்பிடி வைத்த பெல்ட் சர்ஜிகல் கடைகளில் விற்கிறது. வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட் கெட்டியாக இருந்தால் தடுமாறும்போது பிடித்து நிறுத்த உதவும். ஆனால் பெல்ட் எதுவானாலும் ஆளைத் தூக்குவதற்கல்ல. விழுகிறார் என்று தெரிந்தால் நிமிர்த்திப் பிடிக்கப் போராடாதீர்கள், இரண்டு பேரும் விழுவீர்கள். அவரை உங்கள் உடம்போடு சாய்த்து, உங்கள் தொடை மேல் சறுக்கவிட்டு, மெதுவாகத் தரையில் உட்காரவையுங்கள்.

கிளம்புகிற அன்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் ஓரிரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு இருக்கட்டும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும்.

வீல்சேர் வாங்கும்போது

வீல்சேர் என்றதும் வீட்டில் ஒரு மௌனம் விழும். "அவ்வளவு மோசமாவா ஆயிட்டேன்?" என்று அம்மா கேட்பார். அவருக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் அவர் முயற்சியால் உருவானது. அந்த மையத்தில் இன்றும் சிகிச்சை நடக்கிறது. நடக்கிறவரும்கூடத் தூரத்துக்கு வீல்சேரும் இடத்துக்குப் போய் ஊன்றுகோலும் என்று கலந்து வைத்துக்கொள்ளலாம். கடைத்தெரு வரை உட்கார்ந்து போய், கடைக்குள் நடப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பெரிய பின்சக்கரம் உள்ளதையே வாங்குங்கள். நாலு சின்னச் சக்கரம் வைத்த மாடல் ஏர்போர்ட் தரைக்கு. சீட் 18 அங்குலம் என்றால் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். பணம் கொடுக்கும் முன் வீட்டு நிலைக்கதவையும் லிஃப்ட் கதவையும் அளந்துகொள்ளுங்கள். சில ஊர்களில் லயன்ஸ், ரோட்டரி சங்கங்கள் இரவல் தருவதுண்டு. ஆறு மாதத் தேவைக்கு இரவலோ வாடகையோ போதும். சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனம் உடலளவுக்கேற்ற நாற்காலியும், அதன் முன்னால் மாட்டி ஸ்கூட்டர் போல ஓட்டும் மோட்டாரும் தருகிறது. இரண்டு கையும் திடமாக உள்ளவர்களுக்கு நல்ல சாதனம். ஒரு கை வராதவருக்கு ஆசைகாட்டாதீர்கள்.

உட்காரும் முன் இரண்டு பிரேக்கும் போட வேண்டும், கால்தட்டு மடங்கியிருக்க வேண்டும். எழும்போதும் அதேதான். மடக்காத கால்தட்டில் மிதித்து எழுந்தால் நாற்காலி முன்னால் கவிழும். சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நீங்கள் கீழே நின்று, பின்பக்கமாக இறக்குங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குவதும் அப்படியே, பெரிய சக்கரம் முதலில். ஏறும்போது பின்னால் இருக்கும் சிறு இரும்பு நீட்டலைக் காலால் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கும். சாக்கடைக் கம்பி மூடியிலும் பேவர் பிளாக் இடைவெளியிலும் முன்சக்கரம் சிக்கும். அங்கெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் பெரிய சக்கரத்தால் இழுத்துக் கடந்துவிடுங்கள். முதல் ஓட்டத்தில் நீங்களே உட்கார்ந்து, வேறொருவரைத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரின் உயரம் அப்போதுதான் தெரியும்.

சேலை முந்தானையும் வேட்டி நுனியும் சக்கரக் கம்பியில் சுற்றும். அம்மாவுக்குச் சுடிதாரோ, முந்தானையைச் செருகிய சேலையோ. அப்பாவுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி, கணுக்காலுக்கு மேலே. செருப்பு பின்வார் உள்ளதாக இருக்கட்டும். சர்க்கரை உள்ளவருக்கு மென்ரப்பர் அடி கொண்ட எம்சிஆர் செருப்பு. நாற்காலியில் மெத்தையான திண்டு போடுங்கள், நடுவில் ஓட்டை உள்ள காற்றுவளையம் வேண்டாம், அது சுற்றியுள்ள தோலை அழுத்திப் புண்ணாக்கும். அரைமணிக்கு ஒருமுறை உட்காருமிடம் மாற்றி அசையச் சொல்லுங்கள்.

ஆட்டோவும் காரும்

காரில் ஏற்றுவதற்கு ஒரே விதி: முதலில் இடுப்பு, பிறகு கால். சீட்டுக்கு முதுகு காட்டி நின்று, உட்கார்ந்து, அதன்பின் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பலாம். திரும்பியதும் அதை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் ஆளும் வழுக்குவார். மிகத் தாழ்ந்த சீட் உள்ள கார் வேண்டாம். முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் உயரமே எழவும் உட்காரவும் தோது. தலை இடிக்காமல் உங்கள் உள்ளங்கையை மேல் விளிம்பில் வையுங்கள். ஆட்டோவில் ஏறும் படி உயரம், ஆனால் பிடிக்கக் கம்பி இருக்கிறது. எந்தப் பக்கம் ஏறினால் நல்ல கைக்குக் கம்பி கிடைக்கும் என்று பார்த்து ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். டிரைவரிடம் முன்னாலேயே "மெதுவாத்தான் ஏறுவாங்க, அண்ணே" என்று சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் குறையும்.

அம்மாக்கள் வெளியே வர மறுப்பதற்கு முதல் காரணம் கால் அல்ல, சிறுநீர். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "வெயிலா இருக்கு" என்பார்கள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டு வருவார்கள், அது இன்னும் ஆபத்து. போகிற இடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வந்து சொல்லுங்கள். முதல் சில தடவை டயப்பர் போட்டுக்கொண்டால் தைரியம் வரும் என்று மகளோ மருமகளோ தனியாகச் சொல்லட்டும். சிறுநீர்ப் பை மாட்டியிருந்தால் அது எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மடியில் வைக்கக் கூடாது. தண்ணீர் விழுங்கினால் புரையேறும் என்று டாக்டர் எச்சரித்தவருக்கு வெளியே டீ வாங்கித் தராதீர்கள். வீட்டில் கொடுக்கும் பதத்திலேயே பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள்.

பிறகு, மனிதர்கள். தெருவில் இறங்கியதும் நாலு பேர் வருவார்கள். "என்னண்ணே இப்படி ஆயிட்டீங்க!" என்பார் ஒருவர். இன்னொருவர் அவர் அங்கே இருப்பதையே மறந்து உங்களிடம் "பேச்சு வருதா?" என்பார். "அப்பாகிட்டயே கேளுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும். அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாதீர்கள். பேச்சு திரும்ப அவருக்கு வேண்டிய பயிற்சி அதுதான்.

கொஞ்சம் பெரிய ஊர்வலம்

தெருமுனை பழகியதும் தூரம் போகலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு முதல் பெரிய பயணமாக மெட்ரோவைச் சொல்வேன். லிஃப்ட் இருக்கிறது, பிளாட்பாரமும் ரயில் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம், பெட்டியில் வீல்சேர் நிறுத்த இடம் உண்டு. பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டமும் குறைவு. 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நிறுத்தத்தில் வண்டி ஒருபக்கமாகத் தாழும், வாசலில் மடக்குச் சாய்தளம் இருக்கிறது. ஓட்டுநர் வண்டியை நடைபாதையோரம் ஒட்டி நிறுத்தினால்தான் அதனால் பயன். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, சரிசெய்யப்பட்டது. அலை பார்க்கும் தூரம் வரை நாற்காலி போகும்.

கோயில் என்றால் மூலஸ்தானம் வரை போயே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். பெரிய கோயில்கள் பலவற்றில் வீல்சேரும் பேட்டரி காரும் உண்டு. ஆனால் கல் வாசற்படிகள் முழங்கால் உயரம் இருக்கும், நாலு பேர் தூக்கித்தான் தாண்ட வேண்டும். தூக்கச் சம்மதமா என்று அவரைக் கேளுங்கள். கொடிமரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டு வருவதைச் சிலர் விரும்புவார்கள்.

வெயில் காலத்தில் தெருவில் நடப்பதென்றால் காலை எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். முதல் நாளே தூரம் போகாமல், இன்னும் தெம்பிருக்கும்போதே திரும்புங்கள். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். முடியாவிட்டால் உட்காரவையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்று கிளம்ப வேண்டாம், டாக்டரிடம் போங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, புதிதாக ஒரு கை துவளுவது ஆகியவற்றுக்கு உடனே 108. மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

"இன்னைக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து பல நாள் அப்படியே சொன்னால் அது சோம்பலோ பிடிவாதமோ இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு அது மிகச் சாதாரணம், மருந்தும் உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கே பிசியோ வேண்டுமென்றால் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்த்தி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

கடைசியாகக் காகித வேலை. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் குழு சான்று தந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். வயதானவர்களுக்கு எதற்கு என்று பல குடும்பங்கள் விண்ணப்பிப்பதே இல்லை. அது இருந்தால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. துணையில்லாமல் பயணிக்க முடியாதவர் என்ற ரயில்வே சலுகைச் சான்றையும் வாங்கிவிட்டால், ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசியில் இருவருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி. பக்கவாதத்துக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். அதுவரை டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.